வளவில் கிடந்த சைக்கிளுக்கு என்ன விலை

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து போன வருடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். வீட்டுச் சாமான்களை நான்கு பங்காளிகள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தேக்குப் பெட்டகம், எனாமல் தூக்குகள், மங்குச் சாமான், பித்தளை அண்டா என்று எல்லாவற்றுக்கும் விலை போட ஆள் இருந்தது. இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த சைக்கிளுக்கு மட்டும் யாரும் விலை சொல்லவில்லை. "தம்பி, இது எங்க ஐயா பினாங்குலேருந்து கப்பல்ல கொண்டாந்தது. எங்க அப்பா கல்யாணத்துக்கு முந்தி. 1935 இருக்கும். நூறு வருசத்தை நெருங்குது, நல்ல விலை போகும்ல?" என்று கேட்டார் அந்த வீட்டு ஆச்சி.

என் அப்பா புதுவயலில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பால்ரஸ் எண்ணி கிரீஸில் பதிப்பதுதான் பள்ளிக்கூட நாட்களில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் இப்போதும் இந்தப் பக்கத்து வீடுகளில் பழைய சைக்கிள் இருந்தால் பார்த்துச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். எல்லா வீட்டிலும் முதல் கேள்வி ஆச்சி கேட்டதுதான்: எத்தனை வருடம் ஆச்சு, அதனால் எவ்வளவு தேறும்? ஆனால் வயதுக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு குறைவு. ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற இங்கிலாந்து கம்பெனிகள் கறுப்பு ரோட்ஸ்டரை, அதாவது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற கனமான பெரிய சைக்கிளை, உலகம் முழுக்க ஏற்றுமதி செய்தன. எண்ணிக்கையில் அது அரிய பொருளே இல்லை. அரிதானது, கம்பெனியிலிருந்து வந்தபடியே முழுசாக மிஞ்சியிருக்கிற சைக்கிள்.

ஒரே சைக்கிளுக்கு மூன்று விலை உண்டு. ஒன்று இரும்பு விலை. பழைய ரோட்ஸ்டர் சுமார் 20 கிலோ இருக்கும். அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் தெரிந்துவிடும், எந்தக் குப்பை சைக்கிளும் அதற்குக் கீழே போகாது. இரண்டாவது ஓட்டுகிற விலை. மிதித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வரலாம் என்றால் ஒரு புது ரோட்ஸ்டரின் விலையை ஒட்டி, அதற்குச் சற்றுக் கீழே நிற்கும். மூன்றாவது, தேடிச் சேர்க்கிறவர் தருகிற விலை. அது முதல் இரண்டைப் போல பத்து மடங்கு இருக்கலாம், அல்லது அப்படி ஒரு விலையே இல்லாமலும் போகலாம். விலை போடுவது என்றால், நம் முன்னால் நிற்கிற சைக்கிளுக்கு மூன்றாவது விலை கேட்கிற தகுதி இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான். அந்தத் தகுதியைச் சொல்வது சைக்கிளின் பாகங்கள். அவை ஒன்றுக்கொன்று சாட்சி சொல்ல வேண்டும்.

ஆச்சி வீட்டு சைக்கிளில் சாக்கை எடுத்ததும் நான் முதலில் பார்த்தது பின் சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பைத்தான். செம்மண் தூசியும் பழைய கிரீஸும் கட்டியாகி இருந்தன. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்தால் எழுத்து வரும். வந்தது: ஸ்டர்மி ஆர்ச்சர், இங்கிலாந்து, ஏ.டபிள்யூ., அதன் பக்கத்தில் 52, அப்புறம் 2. இது ராலே கம்பெனி நாட்டிங்ஹாமில் செய்த மூன்று கியர் ஹப். ஏ.டபிள்யூ. என்பது மாடல், 52 என்பது வருடம், 2 என்பது மாதம். 1952 பிப்ரவரி. 1930-களின் கடைசியில் வந்த ஏ.டபிள்யூ. ஹப்புகளில் வருடத்துக்கு ஒற்றை இலக்கம் மட்டும் இருக்கும். 8 என்றால் 1938. பழைய இங்கிலாந்து சைக்கிளில் வருடத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற பாகங்கள் குறைவு.

பின் ஹப் ஒன்று மட்டும் சாட்சி சொன்னால் போதாது. சக்கரத்தை மாற்றியிருக்கலாம். முன் சக்கரத்தில் டைனோ ஹப் இருந்தது, அதாவது டைனமோவே ஹப்புக்குள் இருக்கிற வகை. அதிலும் 52. ஹாண்டில் பாரில் இருந்த, கியர் மாற்றுகிற டிரிக்கர் அதே கம்பெனியுடையது. பெடலோடு சுற்றுகிற செயின்வீலில் ராலேயின் அடையாளமான கொக்கு, மூன்றாக வெட்டியிருந்தது. முன்னால் ஹாண்டில் பார் இறங்குகிற தலைக்குழாயில் கொக்குத் தலை போட்ட பித்தளை பேட்ஜ், அதில் நாட்டிங்ஹாம் என்ற ஊர்ப் பெயர். இத்தனையும் ஒரே கதையைச் சொல்கின்றன. 1935 என்கிற வீட்டுக் கதை மட்டும் ஒத்துப்போகவில்லை.

ஆச்சியிடம் தயங்கித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "52ஆ? எங்க தம்பி 53ல பொறந்தான். பேரனைப் பாக்க ஐயா வந்தாக, அது எனக்கே ஞாபகம் இருக்கு. அப்ப கல்யாணத்துக்கு முந்தி கொண்டாந்தது வேற சைக்கிளாத்தான் இருக்கும்" என்றார். வீட்டுக் கதைகளில் இப்படி இரண்டு பொருள் ஒன்றாகக் கலந்துவிடுவது இயல்புதான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று பல தடவை போய் வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்திருக்கிறது. விலைக்கு நான் எடுத்துக்கொள்வது ஹப்பில் அடித்திருக்கிற எண்ணை. கதை அதோடு ஒத்துப்போனால் மதிப்பு கூடும். ஒத்துப்போகாவிட்டால் கதையைத் திருத்திக்கொள்ள வேண்டும், எண்ணை மறைக்கக் கூடாது.

அடுத்து பெயர். செட்டிநாட்டுக்காரர்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கதையில் நம் ஊருக்கே பங்கு உண்டு. ஹெர்குலிஸ் 1910-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய கம்பெனி. 1946-இல் அது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கைக்குப் போனது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்துதான் பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பத்தார் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். சென்னைக்குப் பக்கத்தில் அம்பத்தூரில் தொழிற்சாலை. ஹெர்குலிஸ் மட்டுமல்ல, பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களிலும் பிற்பாடு அங்கே சைக்கிள் வந்தது. ராலேக்கு மேற்கு வங்காளத்து ஆசன்சோலில் சென் ராலே இருந்தது. அதிலும் அதே கொக்கு. ஆகவே ஹெர்குலிஸ் என்றோ ராலே என்றோ பெயரைப் படித்துவிட்டு இங்கிலாந்து சைக்கிள் என்று முடிவு கட்ட முடியாது. பெயருக்குக் கீழே பர்மிங்ஹாமா, நாட்டிங்ஹாமா, இந்தியாவா என்று பார்க்க வேண்டும். இன்றைக்குத் தேடி வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்து என்ற சொல்லுக்குத்தான் கூடுதலாகத் தருகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 1950-களின் அம்பத்தூர் ஹெர்குலிஸ் முழுசாக, முதல் பெயின்ட்டோடு, ஒரே வீட்டில் இருந்ததாகக் கிடைத்தால் அதை நான் குறைத்து மதிக்க மாட்டேன். பள்ளத்தூரிலேயே ஒரு வீட்டில் அப்படி ஒன்று நின்றால் அதற்கு இந்த மண்ணில் இருக்கிற அர்த்தம் பர்மிங்ஹாம் சைக்கிளுக்கு வராது. ஆனால் விலை சொல்லக் கூப்பிட்டவரிடம் சந்தையின் விலையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்ஜ் காணாமல் போயிருந்தால் செயின்வீல் பெரும்பாலும் கம்பெனியைக் காட்டிவிடும். ராலேக்குக் கொக்கு. ஹம்பருக்கு வட்டமாக ஓடுகிற ஐந்து சின்ன மனிதர்கள். போதாக்குறைக்கு ஹம்பரின் முன் ஃபோர்க் ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இருக்கும். ரட்ஜுக்கு விரித்த உள்ளங்கை. பி.எஸ்.ஏ.யின் பேட்ஜில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தியிருக்கும், அது துப்பாக்கிக் கம்பெனியாகத் தொடங்கியது என்பதால். சன்பீம் என்று வந்தால் மேலே பேசுவதற்கு முன் செயின் கவரைப் பாருங்கள். உல்வர்ஹாம்ப்டனில் செய்த அந்த சைக்கிளின் பெருமையே செயின் எண்ணெயில் குளித்தபடி ஓடுகிற மூடிய பெட்டிதான். அது இருந்தால் ஒரு விலை, வெட்டி எடுத்துவிட்டு வெறும் செயினாக ஓட்டியிருந்தால் வேறு விலை.

இப்போது அப்பாவின் கடையிலிருந்து நான் கற்ற முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ரோட்ஸ்டர் சைக்கிள் செய்வது நின்றதே இல்லை. 28 அங்குலம், ஒன்றரை இஞ்ச் டயர் இன்றைக்கும் எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் தொங்குகிறது. பிரேக் ரப்பர், ஸ்போக்ஸ், பிரீவீல், கோன், காட்டர் பின் எல்லாம் லூதியானாவிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இங்கிலாந்தில் பழைய ரோட்ஸ்டர் வைத்திருப்பவர் டயருக்கே தேட வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. இது நல்லதுதான். ஆனால் இதனால்தான் நம் பக்கத்துப் பழைய சைக்கிள்கள் மதிப்பை இழந்தன. ரிம் வளைந்தால் கோட்டம் எடுக்க மெனக்கெடாமல் புது ரிம். பெடல் ஆடினால் புது பெடல். தோல் சீட் கிழிந்தால் ரெக்ஸின் சீட். நாற்பது வருடம் நன்றாக உழைத்த சைக்கிளில் கடைசியில் பிரேமும் ஃபோர்க்கும் மட்டும்தான் பினாங்கிலிருந்து வந்ததாக இருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை, சைக்கிளை ஓட வைத்தார்கள். ஆனால் விலை போடும்போது கணக்கு தலைகீழாகிவிடுகிறது: அதிகம் ஓடியது குறைவாகப் போகும், மூலையில் நின்றது அதிகமாகப் போகும்.

இதிலிருந்து ஒரு வழக்கத்தை நான் வைத்துக்கொண்டேன். சைக்கிளைச் சுற்றி வந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது இன்றைக்குக் கடையில் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வேன். டயர் தேய்ந்திருக்கிறதா, கிடைக்கும், விட்டுவிடலாம். செயின் துருவா, கிடைக்கும். மட்கார்டு? அளவில் பொருந்துகிற ஒன்று கிடைக்கும், ஆனால் பழையதன் முனை வடிவமும் தங்கக் கோடும் கிடைக்காது. மூன்று கியர் ஹப், டிரிக்கர், டைனோ ஹப், அதோடு வந்த முன் விளக்கு, புரூக்ஸ் சீட், முழு செயின் கவர், தலைக்குழாய் பேட்ஜ், பிரேமில் கிளிப் மாட்டி நின்ற காற்றுப் பம்பு: இவை கிடைக்காது. மதிப்பில் பெரும் பகுதி இந்தச் சில பொருள்களில்தான் உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலான ரோட்ஸ்டர்கள் ஒற்றைக் கியர்தான் என்பதால் மூன்று கியர் ஹப் ஒன்று தெரிந்தாலே நான் நின்று பார்ப்பேன். அதில் நடு கியர் நேராக ஓடும். கீழ் கியர் கால்பங்கு இளக்கமாகும், மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு வேகமாகும். பல வருடம் கிடந்தாலும் உள்ளே பெரும்பாலும் கெடுவதில்லை. ஹப்பில் இருக்கிற சின்ன எண்ணெய் மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் வைத்தால் பல ஹப்புகள் உயிர் பெறும்.

டைனோ ஹப் அப்படி இல்லை. அதன் உள்ளே ஒரு காந்த வளையம் இருக்கிறது. காந்தத்தின் பலத்தைக் காக்கிற இரும்புத் துண்டை (கீப்பர்) வைக்காமல் அதை வெளியே உருவினால் காந்தத்தின் பலம் குறைந்துவிடும், விளக்கு பிறகு மங்கலாகத்தான் எரியும். "திறந்து கிரீஸ் போட்டுத் தருகிறேன்" என்று நல்லெண்ணத்தில் உருவிப்போட்ட டைனோ ஹப்புகளைப் பார்த்திருக்கிறேன். வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. வாங்குகிறவர் சக்கரத்தைச் சுற்றி மீட்டர் வைத்துப் பார்ப்பார்.

பெயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நடக்கிற பெரிய நஷ்டம் இங்கேதான். விற்க வேண்டும் என்று நினைத்ததும் முதல் வேலையாகக் கறுப்பு ஸ்பிரே அடிக்கிறார்கள். நன்றாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கறுப்பு எனாமல் சூளையில் வைத்துச் சுட்டது. அதன் மேல் மட்கார்டிலும் குழாய்களிலும் கையால் இழுத்த தங்கக் கோடு, குழாயில் ஒட்டிய கம்பெனி எழுத்து, சில சமயம் விற்ற ஊர்க் கடையின் சின்னப் படம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று ஊர்ப் பெயரோடு அப்படி ஒரு முத்திரை சீட் குழாயில் ஒட்டியிருந்தால், சைக்கிள் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே பத்திரம். ஸ்பிரே அடித்த பத்து நிமிடத்தில் அது போய்விடுகிறது. தங்கக் கோடு பாதி தேய்ந்து, பார் மேல் பெயின்ட் உரசிப்போய், அங்கங்கே துருப்பொட்டு உள்ள சைக்கிள்தான் பளபளவென்று புதுப்பித்ததை விட அதிகமாகப் போகிறது. பெயின்ட்டை மறுபடி அடிக்கலாம், முதல் பெயின்ட்டை மறுபடி கொண்டுவர முடியாது.

குரோம் விஷயத்திலும் அதே. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதால் முலாம், துரு என்கிற பேச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த ஆய்வகம் அது. சைக்கிளில் குரோம் முலாம் 1930-ஐ ஒட்டித்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்தையவற்றில் வெறும் நிக்கல். நிக்கல் கொஞ்சம் மஞ்சள் சாயலோடு இளம் வெயில் போல மின்னும், குரோம் நீலச் சாயலில் குளிர்ச்சியாக மின்னும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். 1920-கள் என்று சொல்லப்படுகிற சைக்கிளில் நீல மின்னல் தெரிந்தால், ஒன்று வருடம் தப்பு அல்லது மறுபடி முலாம் பூசியிருக்கிறார்கள். மறுமுலாமில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பூசுவதற்கு முன் பழைய பாகத்தை பஃப் வைத்துத் தேய்ப்பார்கள். ஹப்பில் இருக்கிற அந்த 52-ம் 2-ம் அந்தத் தேய்ப்பில் போய்விடும். பளபளப்புக்குக் காசு கொடுத்து வருடத்தை அழிப்பது அது.

சீட்டுக்கும் இதேபோல ஒரு எச்சரிக்கை. பர்மிங்ஹாம் புரூக்ஸ் கம்பெனியின் தோல் சீட்டில் பக்கவாட்டிலோ பின் தகட்டிலோ பெயர் அழுத்தியிருக்கும். காய்ந்துபோன தோலைப் பார்த்ததும் நம் கை தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போகும். வேண்டாம். எண்ணெயில் ஊறிய தோல் இளகித் தொட்டில் போல் தொங்கிவிடும், அப்புறம் அடியில் இருக்கிற நட்டை எவ்வளவு முறுக்கினாலும் ஏறாது.

பிரேமுக்கு வருகிறேன். நம் பக்கத்து வறண்ட காற்று இரும்புக்குச் சாதகமானது. தாழ்வாரத்தில் நின்ற சைக்கிளில் மேல் துரு மட்டும் இருப்பது வழக்கம். மேல் துரு பயமில்லை. குழிக் குழியாக அரித்திருந்தால் பயம். குறிப்பாக பி.பி., அதாவது பெடல் அச்சு ஓடுகிற கூட்டின் அடிப்பக்கத்தில், மழைத் தண்ணீர் இறங்கித் தங்குகிற இடத்தில். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க் குழாயின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால் சைக்கிள் எதன் மேலோ நேராக மோதியிருக்கிறது. ஒரு நூலைத் தலைக்குழாயிலிருந்து பின் சக்கரம் மாட்டுகிற தகடு வரை ஒரு பக்கமும், சுற்றிக் கொண்டுவந்து மறு பக்கமும் இழுத்துப் பிடித்தால், சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஹாண்டில் பார் தண்டும் சீட் பில்லரும் அசைகிறதா என்று பாருங்கள். உள்ளே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் எடுப்பது பெரிய வேலை, விலையில் கழிக்க வேண்டும். ராலே தன் பி.பி. கப்புக்கு அங்குலத்துக்கு 26 புரி வைத்தது, மற்ற இங்கிலாந்து கம்பெனிகள் பெரும்பாலும் 24. பொருந்தாத கப்பை முறுக்கி ஏற்றியவர் கையில் புரி செத்திருந்தால் அதுவும் கழிவுதான்.

இரும்பில் இல்லாத மதிப்பு ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் சைக்கிளுக்குப் பஞ்சாயத்தில் வரி கட்ட வேண்டும். கட்டினால் வருடம் அடித்த ஒரு சின்ன உலோக வில்லை தருவார்கள். ராத்திரியில் விளக்கில்லாமல் போனாலும், வில்லை இல்லாமல் போனாலும் பிடிப்பார்கள். நமக்கு அது ஒரு தகடு. தேடிச் சேர்க்கிறவருக்கு அது இந்த சைக்கிள் இந்த ஊரில் இந்த வருடம் ஓடியது என்பதற்கு அரசாங்கச் சாட்சி. ஆச்சியிடம் கேட்டேன். பெட்டகத்துக்குள் பிஸ்கட் டின் ஒன்றில் பழைய சாவிகளோடு இரண்டு வில்லைகளும், சைக்கிள் பூட்டின் சாவியும், பம்பின் ரப்பர் குழாயும் இருந்தன. பாகம் பிரிக்கும்போது இந்த மாதிரி டின்கள்தான் முதலில் குப்பைக்குப் போகும். சைக்கிளை விலை பேசுவதற்கு முன்னால் வீட்டின் சின்ன டப்பாக்களைத் திறந்து பாருங்கள்.

வளைந்த ஹாண்டில் வைத்த ரேஸ் சைக்கிள் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் கண்ணில் படும், வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் கொண்டுவந்ததாக. அதற்குக் கணக்கு வேறு. குழாயில் ரேனால்ட்ஸ் 531 என்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது 1935-இல் வந்த மாங்கனீஸ் மாலிப்டினம் எஃகு. லேசானது, இன்றும் மதிக்கப்படுவது. பாகங்கள் இத்தாலியின் காம்பக்னோலோ என்றால் பின் கியர் மாற்றியிலேயே சில மாடல்களில் வருடம் அச்சாகியிருக்கும். ஜப்பானின் ஷிமானோ என்றால் இரண்டு ஆங்கில எழுத்து தேடுங்கள். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1976, அடுத்தடுத்த எழுத்து அடுத்தடுத்த வருடம். ரோட்ஸ்டரை யாரும் ஏறி ஓட்டலாம். ரேஸ் சைக்கிளில் பிரேம் அளவு வாங்குகிறவர் உயரத்துக்குப் பொருந்தியாக வேண்டும். அதனால் மிகச் சின்ன பிரேமும் மிகப் பெரிய பிரேமும் எவ்வளவு நல்ல எஃகாக இருந்தாலும் விலை போகாமல் நிற்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வீடு கதவாக, தூணாக, சாமானாகப் பிரிந்துதான் விற்பனைக்கு வருகிறது. சைக்கிளும் அப்படிப் பிரியும். பல வருடத்துக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு வந்த ஒரு வியாபாரி விளக்கையும் பெல்லையும் பேட்ஜையும் மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு போனார். வீட்டுக்காரர்கள் சைக்கிள் நம்மிடமே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள். மிஞ்சியது இரும்பு விலைக்குச் சற்று மேலே நின்ற ஒரு பிரேம்தான். விளக்கும் பெல்லும் கூரியரில் போகும், யாரோ ஒருவரின் குறைபட்ட சைக்கிளை முழுசாக்கும். அதனால் அவற்றுக்கு எப்போதும் ஆள் உண்டு. ஏற்கெனவே பாதி மாறிப்போன சைக்கிள் என்றால் பிரித்து விற்பதில் எனக்கு மறுப்பில்லை, நல்ல பாகம் இன்னொன்றில் போய் வாழட்டும். சாட்சிகள் எல்லாம் ஒன்றாக நிற்கிற சைக்கிளைப் பிரிக்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சேர்ந்திருப்பதால் மட்டுமே இருக்கிற மதிப்பு, பிரித்த நிமிடத்தில் யார் கைக்கும் போகாமல் அழிந்துவிடுகிறது.

சரி, தொகைக்கு வருவோம். விளம்பரத்தில் போட்டிருக்கிற விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது விற்க நினைக்கிறவரின் ஆசை, பல மாதம் அப்படியே கிடக்கும். கைமாறிய விலை தெரிந்தால் அதுதான் ஆதாரம். நான்கைந்து பேரிடம் விசாரித்தால் ஒரு நடுவிலை தெரியவரும். இங்கிலாந்தில் என்ன விலை என்பதும் நமக்கு உதவாது, இங்கிருந்து அனுப்புகிற கூலி சைக்கிளின் விலையையே விழுங்கிவிடும். கணக்குப் புரிய ஒரு எண் வைத்துக்கொள்வோம். இதே வகை, முழுசாக இருக்கிற சைக்கிள் 25,000 ரூபாய்க்குக் கைமாறியது என்று தெரிகிறது. நம் சைக்கிளில் தோல் சீட் இல்லை, அதைத் தேடி வாங்க 5,000. செயின் கவரின் பின் துண்டு இல்லை, 2,000. டயர், டியூப், ஓவர்ஹாலிங் சேர்த்து 3,000. மீதம் 15,000. அதற்கு மேல் வில்லை, ஊர் முத்திரை, பழைய படம் என்று சாட்சிகள் இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். அவசரமாக விற்க வேண்டுமென்றால், வியாபாரிக்கு அவர் லாபத்தை விட வேண்டும், அந்த அளவு குறையும். ஒரே எண்ணைச் சொல்லாமல் இப்படிக் கழித்துக் காட்டினால்தான் நான்கு பங்காளிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். எங்கே கழிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிறதே.

ஆச்சி வீட்டில் அப்படித்தான் ஒரு தாளில் எழுதினேன். ஹப் எண்கள், பிரேம் எண், இருக்கிற பாகம், மாறிய பாகம், இல்லாத பாகம், கழிவு. சீட் ரெக்ஸினாக மாறியிருந்தது, முன் பிரேக் கம்பி ஒன்று புதிது, மற்றதெல்லாம் 1952-தான். எந்தப் பங்காளி எடுத்துக்கொள்வது என்ற பேச்சு நீளவில்லை. 53-இல் பிறந்த அந்தத் தம்பியின் மகன் தாளில் இருந்த தொகையில் மற்ற மூன்று பங்கையும் கொடுத்து சைக்கிளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வில்லைகளையும் சாவியையும் பம்புக் குழாயையும் அதே டின்னில் போட்டு அவர் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். பின் ஹப்பின் மூடியைத் திறந்து எண்ணெய் விட்டேன். முன் ஹப்பை யார் கேட்டாலும் திறக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தேன்.